ஜோடியை மாற்றிவிடுங்கள், டீச்சர்

கேள்வி: நான் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. என் ஏழாம் வகுப்பில் ஊர்ப் பிள்ளைகள் ஒரு பக்கம், காலனிப் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று உட்காருகிறார்கள். இடம் மாற்றி உட்காரவைத்தாலும் பேச்சு இல்லை. ஆண்டு விழாவில் எல்லாரையும் சேர்த்து ஆடவைத்தால் ஒட்டுதல் வருமா? இல்லை, மேடையோடு போய்விடுமா?
– பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

பதில்: வர வாய்ப்பு இருக்கிறது டீச்சர். ஆனால் யார் யாரோடு ஆடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 14 மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். 2014இல் வெளிவந்தது. ஒருவர் குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு பாட்டுக்குத் தகுந்தபடி ஏறி இறங்கி ஆடுவார். எதிரே நிற்கும் பெண் சில குழந்தைகளோடு அதே தாளத்தில் ஆடுவார், சில குழந்தைகளோடு தாளம் தப்பி ஆடுவார். அப்புறம் அவர் கையிலிருந்த பொருளைத் தவறவிட்டதுபோல் கீழே போடுவார். தாளம் சேர்ந்து ஆடிய குழந்தைகளே அதிகமாக எடுத்துக் கொடுத்தார்கள். ஆனால் ஆட்டத்தில் சேராமல் சும்மா இருந்த இன்னொருவர் போட்டபோது அந்த அக்கறை தெரியவில்லை.

கைக்குழந்தையும் ஏழாம் வகுப்பும் ஒன்றில்லைதான். இருந்தாலும் நமக்கு விஷயம் இதில் இருக்கிறது. முப்பது பேர் வரிசையில் நின்று உங்களையே பார்த்துக் குத்துப்பாட்டுக்கு ஸ்டெப் போட்டால், பக்கத்தில் நிற்பது பழைய தோழியாகத்தான் இருக்கும். ஊருக்கு ஒரு டான்ஸ், காலனிக்கு ஒரு டான்ஸ் என்று விட்டால் இன்னும் மோசம். அவரவர் கூட்டம்தான் இறுகும். ராணுவத்தில் அணிவகுப்பு நடத்துவதும் அந்த இறுக்கத்துக்காகவும்தானே!

அதனால் பின்னல் கோலாட்டம் போடுங்கள். மேலே கட்டிய கயிறுகளின் நுனியைப் பிடித்துக்கொண்டு, எதிரே வருபவளுக்கு ஒரு முறை உள்ளே, அடுத்தவளுக்கு ஒரு முறை வெளியே என்று போகவேண்டும். ஒருத்தி தப்பினாலும் பின்னல் சிக்கிக்கொள்ளும். பிறகு அதே அடவைத் திருப்பிப் போட்டுப் பிரிக்கவேண்டும். எதிரே வருபவளின் காலையும் தோளையும் கவனிக்காமல் இதை ஆடவே முடியாது. ஊர்ப் பிள்ளை, காலனிப் பிள்ளை என்று மாற்றி மாற்றி நிறுத்துங்கள். சிக்கல் விழுந்தால் நீங்கள் கை வைக்காதீர்கள். அவர்களே பேசிப் பிரிக்கட்டும். பேச்சு அங்கேதான் தொடங்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கோலாட்டத்தில் கோல்தான் கோலைத் தொடும், கை கையைத் தொடாது. கூச்சத்துக்கு அது வசதி. தீட்டு பார்க்கிற வீட்டுப் பிள்ளைக்கும் அது வசதியாகிவிடக் கூடாது. கொஞ்சம் பழகியதும் கைகோத்துச் சுற்றும் ஆட்டம் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். யாராவது கை கொடுக்க மறுத்தால் எல்லார் முன்னாலும் திட்டவேண்டாம், தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். மறுக்கப்பட்ட பிள்ளையிடமும் அன்றைக்கே பேசிவிடுங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

ஆட்டம் மட்டும் சாதியைக் கரைத்துவிடாது. பெற்றோர் சண்டைக்கு வந்தால் தலைமை ஆசிரியர் உங்கள் பக்கம் நிற்கவேண்டும். ஒத்திகைக்கு முன்பே அவரிடம் சொல்லிவையுங்கள். விழா முடிந்ததும் கோல்களைப் பரண்மேல் போடாமல், வாரம் ஒரு விளையாட்டு பீரியடில் ஜோடி மாற்றி ஆடவிடுங்கள். டிரஸ் வாடகைக்கென்று யாரிடமும் பணம் கேட்காதீர்கள், சீருடையே போதும்.