மங்கிய அலுமினியம்: தேய்க்கும் முன் ஒரு வெள்ளைத் துணி

கேள்வி: அப்பா ஓட்டிய பழைய புல்லட். இன்ஜின் கவர் இரண்டும் சாம்பல் பூத்த மாதிரி கிடக்கின்றன. எதைப் போட்டால் பளபளப்பு வரும்? (திருமங்கலம்)

பதில்: உடனே எதையும் போட வேண்டாம். கவரைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, கண்ணில் படாத ஓர் ஓரத்தில் கொஞ்சம் மெட்டல் பாலிஷ் தொட்டு வெள்ளைத் துணியால் தேயுங்கள். துணி கறுத்தால் அது வெறும் அலுமினியம், வேலை சுலபம். வெள்ளையாகவே இருந்தால் மேலே லேக்கர் என்னும் நிறமற்ற பூச்சு இருக்கிறது. மங்கியது அதுதான், உலோகமல்ல. பெயிண்ட் ரிமூவரால் அதை எடுத்த பிறகே மற்றதெல்லாம்.

கவரைக் கழற்றிவிட்டுத் தேயுங்கள். தேய்த்த தூள் இன்ஜினுக்குள் போனால் பளபளப்பைவிடச் செலவு பெரிது. கீறல் ஆழமாக இருந்தால் 400 நம்பர் வாட்டர் பேப்பரில் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், நம்பர் ஏற ஏற நைஸ்) ஆரம்பித்து 600, 800, 1000, 1500, 2000 என்று தண்ணீர் விட்டு ஏறுங்கள். தாள் மாறும்போது தேய்க்கும் திசையையும் மாற்றுங்கள். முந்தைய தாளின் கோடு முழுக்க மறைந்த பிறகுதான் அடுத்த தாள். பட்டறைக்கு வரும் பையன்கள் எல்லோரும் சறுக்குவது இங்கேதான். 400-இன் கோடு ஒன்று மிஞ்சினாலும் பாலிஷ் போட்டதும் மதுரை வெயிலில் அது பல்லை இளிக்கும்.

கடைசியாகக் கையால் மெட்டல் பாலிஷ், அல்லது துணிச் சக்கரம் சுழலும் பஃப் மெஷின். மெஷின் என்றால் தோளில் துண்டோடு நிற்காதீர்கள். எனக்கு ஒருமுறை துண்டோடு போயிற்று, கழுத்து தப்பியது. அலுமினியத் தூள் தீப்பிடிக்கக் கூடியது, பட்டறையில் சேரவிடாதீர்கள்.

கேள்வி: அண்ணே, ஆட்டோவின் செக்கர் பிளேட்டை (புடைப்பு போட்ட அலுமினியத் தகடு) காஸ்டிக் சோடா போட்டுக் கழுவினேன். நுரைத்துப் பொங்கி, கறுப்பாகிவிட்டது. (வில்லாபுரம்)

பதில்: பொங்கியது அழுக்கல்ல தம்பி, உங்கள் பிளேட். காஸ்டிக் சோடா அலுமினியத்தையே கரைக்கும், அப்போது ஹைட்ரஜன் வாயு வரும். அலுமினியத்தோடு கலந்திருக்கும் செம்பு, சிலிக்கான் போன்றவை கரையாமல் மேலே தங்குவதுதான் அந்தக் கறுப்பு. நிறையத் தண்ணீர் விட்டு அலசி, நைலான் நாரால் தேய்த்து, பிறகு மெட்டல் பாலிஷ் போடுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட் பக்கம் போகவே வேண்டாம், அதுவும் அரிக்கும்.

வீட்டில் இட்லிக் கொப்பரையின் உள்பக்கம் கறுத்தால் புளித் தோலைப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள் அல்லவா? போர் தண்ணீரின் காரத்தன்மையால் வந்த கறுப்பைப் புளியின் அமிலம் எடுத்துவிடுகிறது. வண்டிக்கும் அதைச் செய்யலாமா என்று கேட்டு இன்னும் இரண்டு கடிதங்கள் வந்தன. கறுப்பு போகும், மினுமினுப்பு வராது. மினுமினுப்புக்குப் பரப்பு வழவழப்பாக வேண்டும், அதற்குத் தேய்ப்பு ஒன்றுதான் வழி.

கேள்வி: காரின் அலாய் வீலில் வெள்ளைப் புழு ஊர்ந்த மாதிரி கோடுகள். தேய்க்கத் தேய்க்கப் போகவில்லை. (உசிலம்பட்டி)

பதில்: போகாது. லேக்கரில் கீறல் விழுந்த இடத்தில் ஈரம் புகுந்து, அடியில் அரித்துக்கொண்டே போகிறது. லேக்கரை முழுக்க எடுத்து, முகப்பைக் கடைந்து, திரும்ப லேக்கர் அடிக்கும் பட்டறைக்குக் கொடுங்கள்.

கேள்வி: ராமேஸ்வரம் போய் வந்ததிலிருந்து போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி. (மேலூர்)

பதில்: உப்புக் காற்றின் வேலை. இரும்பு போல்ட்டும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு இருக்க, நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி. அதில் கரைவது அலுமினியம்தான். ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டாலும் இதே கதை. பொடியை நைலான் பிரஷ்ஷால் எடுத்து, மரையில் கிரீஸ் தடவி மாட்டுங்கள். அடுத்த முறை கடற்கரையிலிருந்து திரும்பிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

கேள்வி: பாலிஷ் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, மறுபடி மங்கல். (அலங்காநல்லூர்)

பதில்: வெறும் அலுமினியம் அப்படித்தான். காற்றுப் பட்ட உடனே மெல்லிய ஆக்ஸைடு படலம் கட்டிக்கொள்ளும், உலோகத்தைக் காப்பதும் அதுவே. பாலிஷ் போட்ட அன்றே மேலே கார் மெழுகு தடவுங்கள், சில வாரங்கள் கூடுதலாக நிற்கும். சூடேறும் இன்ஜின் கவரில் மெழுகும் சீக்கிரம் போய்விடும், அங்கே அடிக்கடி துடைப்பதுதான் வழி.

கேள்வி: சைலன்சருக்கும் இதே முறையா? (அரப்பாளையம்)

பதில்: காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது அலுமினியமல்ல, பெரும்பாலும் குரோம் பூசிய இரும்பு, உப்புத்தாளைக் கீழே வையுங்கள்.