மெக்கானிக் விலகினால் வாடிக்கையாளரும் போய்விடுகிறாரே, என்ன செய்வது?

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் மோட்டார் பம்ப் விற்பனையும் சர்வீஸும் செய்கிறேன். கடையில் 11 பேர். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் தென்னந்தோப்புக்காரர்கள். 12 வருடம் என்னிடம் வேலை பார்த்த தலைமை மெக்கானிக் போன ஆடியில் விலகி, பக்கத்து ஊரிலேயே சொந்தக் கடை போட்டுவிட்டார். பழைய வாடிக்கையாளர்கள் நிறைய பேர் இப்போது அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். என்னிடம் இருக்கும் பையன்களுக்கு அவருக்குத் தெரிந்ததில் பாதிகூடத் தெரியாது. ஒரே பழுதுக்கு இரண்டு மூன்று தடவை போய் வருகிறார்கள். இனி வேலைக்குச் சேருகிறவர்களிடம், விலகினால் இரண்டு வருடம் இதே தொழில் செய்யக்கூடாது என்று பத்திரம் எழுதி வாங்கலாமா? சர்வீஸ் சாஃப்ட்வேர் வாங்கினால் உதவுமா? டிஸ்கவுண்ட் கார்டு கொடுத்தால் போனவர்கள் திரும்பி வருவார்களா?

பதில்: பத்திர விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். எழுதி வாங்கலாம், ஆனால் பயன் இருக்காது. ஒருவரைச் சட்டப்படியான தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு. ஒரு தொழிலை அதன் நற்பெயரோடு விற்கிறவர் அதே வட்டாரத்தில் போட்டிக் கடை போடக்கூடாது என்பது போன்ற விதிவிலக்கு உண்டு. அது சம்பளத்துக்கு வேலை பார்த்தவருக்குப் பொருந்தாது. உங்களிடம் வேலையில் இருக்கும்போது வெளியே தனியாகச் செய்யாதே என்று சொல்லலாம். விலகிய பிறகு கட்டிப்போட முடியாது. அதோடு, சேரும் நாளிலேயே இப்படி ஒரு பத்திரத்தை நீட்டினால் நல்ல கைக்காரன் உங்கள் கடைப் பக்கம் வரமாட்டான்.

சரி, அடுத்தது. உங்கள் கடிதத்தில் இரண்டு பிரச்சினைகள் இருப்பதுபோல் தெரிகிறது. பையன்களுக்குத் தொழில் தெரியவில்லை என்பது ஒன்று, வாடிக்கையாளர்கள் போகிறார்கள் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது. தோப்புக்காரர் ஏன் அந்த மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்? அவர் குறைவாக வாங்குகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. ஒருவேளை குறைவாகவே வாங்கினாலும் அது முதல் காரணமாக இருக்காது. அவருடைய போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, எத்தனை அடி, மோட்டார் எந்த ஆழத்தில் தொங்குகிறது, போன முறை கேபிளில் எந்த இடத்தில் ஜாயின்ட் போட்டார்கள், மணல் எப்போதிலிருந்து வருகிறது, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசி கனெக்‌ஷன் என்பதால் வோல்டேஜ் எந்த நேரத்தில் விழுகிறது, இதெல்லாம் அந்த ஒருவருக்குத்தான் தெரியும். வேறு யாரைக் கூப்பிட்டாலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொன்னாலும், புதுப் பையன் மோட்டாரை மேலே எடுத்துப் பார்க்கலாம் என்பான். பைப் பைப்பாகக் கழற்றி எடுக்கிற கூலி யார் தலையில்? தன் போரை அறிந்தவரிடம் அவர் போகிறார். அந்த அறிவு கடையில் இருந்திருந்தால் கடைக்கு வந்திருப்பார்.

ஆகவே முதல் வேலை, ஒவ்வொரு போருக்கும் ஓர் அட்டை. இதில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதிக் கடைகளில் ஜாப் கார்டு என்று ஒன்று இருக்கும், அதில் பெயர், நம்பர், ‘மோட்டார் ஓடவில்லை’, தொகை, அவ்வளவுதான் இருக்கும். அது பில் போட உதவும், பழுது பார்க்க உதவாது. அட்டையில் இருக்க வேண்டியது: போரின் ஆழம், கேஸிங் (மண் சரியாமல் இருக்க போருக்குள் இறக்கும் குழாய்) எத்தனை அடி, மோட்டார் இறக்கியிருக்கும் ஆழம், என்ன பைப், எத்தனை ஹெச்.பி., எத்தனை ஸ்டேஜ், கேபிள் சைஸ், ஜாயின்ட் இருக்கும் இடம், ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு எவ்வளவில் வைத்திருக்கிறது. இவை ஒருமுறை எழுதினால் போதும். ஒவ்வொரு முறை போகும்போதும் எழுத வேண்டியவை வேறு: தேதி, ஓடும்போது மூன்று ஃபேஸிலும் வோல்டேஜ், டாங் டெஸ்டரில் (கம்பியைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டம் அளக்கும் கருவி) மூன்று ஃபேஸிலும் ஆம்ப்ஸ், நிறுத்தியபின் மெக்கர் ரீடிங் (காயில், கேபிளின் இன்சுலேஷன் எவ்வளவு என்ற அளவு), தண்ணீர் எப்படி வந்தது.

இந்த எண்கள் எதற்கு? இன்றைக்கு ஒரு மோட்டார் 11 ஆம்ப்ஸ் எடுக்கிறது என்றால் புதுப் பையனுக்கு அது வெறும் எண். போன வருடம் இதே மோட்டார், இதே வோல்டேஜில் 14 எடுத்தது என்று அட்டை சொன்னால், பம்ப் வழக்கமான அளவு தண்ணீரைத் தள்ளவில்லை, நீர்மட்டம் இறங்கியிருக்கலாம், தண்ணீர் இல்லாமல் ட்ரை ரன் ஆகிறதா பார் என்று அவனுக்கே தோன்றும். வழக்கத்தைவிட அதிகமாக எடுத்தால் வோல்டேஜ் குறைவு, மணல் சிக்கியது, பேரிங் தேய்ந்தது என்று வேறு பக்கம் தேடுவான். ஒரு ஃபேஸ் மட்டும் விலகி நின்றால் லைன், ஸ்டார்ட்டரில் உள்ள கான்டாக்டர், ஜாயின்ட் ஆகியவற்றைப் பார்ப்பான். மெக்கர் ரீடிங் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால், காயில் எரிவதற்கு முன்பே தோப்புக்காரரை எச்சரிக்கலாம். உங்கள் பழைய மெக்கானிக் இதையெல்லாம் மனசிலேயே ஒப்பிட்டுப் பார்த்தார். ஒப்பிட ஒரு பழைய ரீடிங் கையில் இருந்தால் இரண்டு வருட அனுபவக்காரனும் பாதி தூரம் வந்துவிடுவான். ஒரே பழுதுக்கு மூன்று தடவை போவதும் குறையும்.

அட்டையின் ஒரு நகல் கடையில், இன்னொன்று பிளாஸ்டிக் கவரில் போட்டு ஸ்டார்ட்டர் பெட்டிக்குள். போட்டிக் கடைக்காரன் பார்த்துவிடுவானே என்று நீங்கள் கேட்பீர்கள். பார்க்கட்டும். அது தோப்புக்காரருடைய போர், அவருக்கு அந்த விவரம் சேர வேண்டியதுதான். அட்டையின் தலையில் உங்கள் கடைப் பெயரும் நம்பரும் இருக்கும். நள்ளிரவில் மோட்டார் ஓடாதபோது அவர் முதலில் திறப்பது அந்தப் பெட்டியைத்தான்.

எழுத வைப்பது எப்படி என்பதுதான் கஷ்டம். வயலிலிருந்து வருகிறவன் கையில் கிரீஸோடு உட்கார்ந்து எழுதமாட்டான். அவனைப் பேச விடுங்கள். அங்கிருந்தே ஒரு வாய்ஸ் மெசேஜ், ரீடிங்கோடு. கவுண்டரில் இருப்பவர் கேட்டு அட்டையில் ஏற்றட்டும். ரீடிங் வராமல் பில் போடுவதில்லை என்ற ஒரு விதியை மட்டும் கறாராக வைத்துக்கொள்ளுங்கள்.

போரைப் பற்றிய விவரம் இப்படிச் சேர்ந்துவிடும். தொழில் நுணுக்கம் அப்படிச் சேராது. இதற்கு ஜெராக்ஸ் கம்பெனியின் அனுபவம் நல்ல பாடம். அவர்களுக்கும் உங்களுக்கு இருந்த அதே தலைவலிதான்: ஊர் ஊராகப் போய் மெஷின் ரிப்பேர் செய்யும் ஆட்கள், அவர்கள் தலைக்குள்ளேயே இருக்கும் அறிவு. கலிஃபோர்னியாவில் பாலோ ஆல்ட்டோவில் இருந்த அவர்களுடைய ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர் 1980-களில் டெக்னீஷியன்களோடு கூடவே சுற்றிப் பார்த்தார். எல்லாம் மேனுவலில் இருக்கிறது, அதைப் பார்த்துச் செய்தால் போதும் என்று நிர்வாகம் நினைத்துக்கொண்டிருந்தது. மேனுவலில் இல்லாத பழுதுகள்தான் ஆட்களைத் திணறடித்தன என்பதை ஜூலியன் ஓர் கண்டார். அந்தப் பழுதுகளுக்கு வழி கிடைத்தது சாப்பாட்டு மேசையில். நாலு பேர் உட்கார்ந்து, எனக்கு இப்படி ஒன்று வந்தது, இதைச் செய்தேன், சரியாயிற்று என்று கதை சொன்னபோது. வெளியிலிருந்து பார்த்தால் வெட்டிப் பேச்சு.

பிறகு 1990-களில் அந்தக் கதைகளைச் சேகரிக்க யுரேகா என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். முதலில் பிரான்ஸில் வந்தது, அங்கே பல வீடுகளில் இருந்த மினிடெல் என்ற தொலைபேசித் திரை வழியாக. எந்த டெக்னீஷியனும் தான் கண்ட தீர்வை எழுதி அனுப்பலாம். அனுபவமுள்ள சக டெக்னீஷியன்கள் அது சரிதானா என்று பார்த்த பிறகே மற்றவர்களுக்குப் போகும். எழுதியவரின் பெயர் கூடவே இருக்கும். குறிப்புக்குப் பணம் கொடுக்கலாமா என்ற யோசனை வந்தபோது வேண்டாம் என்றது டெக்னீஷியன்கள் தரப்புதான். பணம் வந்தால் எண்ணிக்கைக்காக எழுதுவார்கள், குப்பை சேரும் என்பது அவர்கள் கணக்கு. பெயர் போட்டால் போதும் என்றார்கள். மான்ட்ரியாலில் ஒருவர் எழுதிப் போட்ட குறிப்பைப் பார்த்து, பிரேசிலில் ஒருவர், மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிட்ட விலையுயர்ந்த கலர் மெஷினை, அற்ப விலை ஃபியூஸ் ஹோல்டர் ஒன்றை மாற்றிச் சரிசெய்த கதையை அந்தக் கம்பெனிக்காரர்கள் அடிக்கடி சொல்வார்கள்.

உங்களுக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கொடுக்கும் முன் அரைமணி நேரம், டீயும் வடையும். இந்த வாரம் யாரைத் திணறடித்தது எது, எப்படிச் சரியாயிற்று என்று மட்டும் பேசுங்கள். எழுதி வைக்க வேண்டியதாகத் தோன்றினால் ஒரு நோட்டில் அரைப் பக்கம், சொன்னவர் பெயரோடு. மூத்தவர் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், தப்பான வைத்தியமும் வேகமாகப் பரவும் அல்லவா? வாட்ஸ்அப் குழு போதாதா என்றால், அவசரத்துக்குப் போதும், ஆனால் அடுத்த நாள் காலை வணக்கப் படங்களுக்குக் கீழே அது புதைந்துவிடும். நோட்டுதான் நிற்கும். அந்த அரைமணியில் நீங்கள் யாரையாவது ஒருமுறை திட்டினால் போதும், மறுவாரத்திலிருந்து எல்லோருக்கும் எல்லாம் நன்றாகவே நடக்கும், பேச ஒன்றும் இருக்காது.

எழுதியும் பேசியும் கொடுக்க முடியாத பங்கு ஒன்று உண்டு. கேபிள் ஜாயின்ட் தண்ணீர் புகாமல் போடுவது, காயில் கட்டுவது, கைவைத்து அதிர்வைப் பார்த்தே பேரிங்கைச் சொல்வது. 1980-களில் ஜப்பானின் மட்சுஷிட்டா, அதாவது இன்றைய பேனசோனிக், வீட்டில் ரொட்டி சுடும் மெஷின் செய்யப் பார்த்து, மாவு பிசையும் பதம் வராமல் தடுமாறியது. இக்குக்கோ தனாக்கா என்ற மென்பொருள் ஊழியர் ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய்த் தொழில் கற்றார். ரொட்டிக்காரர் மாவை இழுக்கும்போது ஒரு முறுக்கும் கொடுக்கிறார் என்பது கூட இருந்து பார்த்த பிறகுதான் பிடிபட்டது. அதற்கேற்ப மெஷினுக்குள் அமைப்பை மாற்றிய பிறகு ரொட்டி சரியாக வந்தது. உங்கள் பையன்களையும் மூத்தவரோடு ஜோடி போட்டு அனுப்புங்கள், மாதத்துக்கு ஒருமுறை ஜோடியை மாற்றுங்கள். கூலி கொஞ்சம் கூடும்தான். ஆனால் ஒவ்வொரு தோப்புக்காரருக்கும் உங்கள் கடையில் இரண்டு மூன்று முகம் பழகிவிடும். ஒருவர் விலகினாலும் ‘அண்ணன் வரலையா’ என்று கேட்டுவிட்டு, வந்த தம்பியிடம் வேலையைக் கொடுப்பார்கள்.

மூத்தவர்கள் ஏன் சொல்லிக்கொடுப்பதில்லை என்று புலம்பாதீர்கள். எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டால் தன் மதிப்பு போய்விடும் என்ற பயம் நியாயமானது. முதலாளிதான் அதை மாற்ற வேண்டும். அடுத்த சம்பள உயர்வை, அவர் எத்தனை வேலை முடித்தார் என்பதோடு, எத்தனை பேரைத் தனியாக அனுப்பும் அளவுக்குத் தேற்றினார் என்பதையும் வைத்துப் பேசுங்கள். 12 வருடம் இருந்தவர் போனதற்கும் இதுபோல ஒரு காரணம் இருந்திருக்கலாம். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

டிஸ்கவுண்ட் கார்டு வேண்டாம். மளிகைக் கடையில் வாரா வாரம் வாங்குகிறவருக்கு அது பொருந்தும். மோட்டார் வாங்குகிறவர் பல வருடத்துக்கு ஒருமுறை வாங்குகிறார், பாயின்ட் சேர்வதற்குள் கார்டு தொலைந்துவிடும். அந்தப் பணத்தில் ஓரிரண்டு மாற்று மோட்டார் வாங்கி வையுங்கள். சித்திரை வெயிலில் மோட்டார் காயில் கட்டப் போயிருக்கும் நாட்களில் இரவல் மோட்டார் இறக்கிக் கொடுத்த கடையை யாரும் மறக்கமாட்டார்கள். வேலை முடிந்த மூன்றாம் நாள் கடையிலிருந்து ஒரு போன், தண்ணீர் சரியாக வருகிறதா என்று. அப்புறம், மெக்கானிக்குகள் சொந்த நம்பரைக் கொடுக்காமல், கடை வாங்கிக் கொடுத்த சிம்மிலிருந்து பேசட்டும். இது சின்ன விஷயம்தான், ஆனால் உங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அந்த மெக்கானிக்கின் நம்பரைத்தான் கடை நம்பர் என்று சேமித்து வைத்திருப்பார்கள்.

ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டல்களில் விருந்தினரின் குறையைத் தீர்க்க, மேலதிகாரியைக் கேட்காமலே 2,000 டாலர் வரை செலவழிக்க ஊழியர்களுக்கு அதிகாரம் உண்டு. விருந்தினரின் விருப்பங்களைக் குறித்துவைத்து அடுத்த முறை கேட்காமலே செய்வதும் அவர்கள் பழக்கம், உங்கள் போர் அட்டை மாதிரிதான். நீங்கள் 500 ரூபாயில் தொடங்குங்கள். நம் தவறால் இரண்டாம் முறை போக நேர்ந்தால் சர்வீஸ் சார்ஜைத் தள்ளுபடி செய்ய வயலில் நிற்கும் பையனுக்கே உரிமை இருக்கட்டும். ‘ஓனரைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்ற பதில்தான் கோபத்தை வளர்க்கிறது.

சாஃப்ட்வேர் இப்போது வேண்டாம். மூன்று மாதம் அட்டையில் ஓட்டுங்கள், எந்தக் கட்டம் நிரம்புகிறது, எது காலியாகவே இருக்கிறது என்று தெரியும். அதன் பிறகு வாங்கினால், தமிழில் எழுத முடிகிறதா, டவர் கிடைக்காத தோப்பில் வேலை செய்கிறதா, நாளைக்கு வேறொன்றுக்கு மாறினால் நம் விவரங்களை மொத்தமாக எடுத்துக்கொண்டு போக முடிகிறதா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு விற்பனையாளர் மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

போனவர்களைத் திரும்ப அழைக்கத் தை, மாசி நல்ல நேரம். கோடைக்கு முன் இலவசமாக ரீடிங் எடுத்து அட்டை போட்டுத் தருகிறோம் என்று பழைய பில் புத்தகத்தைப் பார்த்துக் கூப்பிடுங்கள். எல்லோரும் வரமாட்டார்கள். அட்டை போட்டவர்களில் சிலர் கோடையில் உங்களைக் கூப்பிடுவார்கள்.

பழைய மெக்கானிக்கோடு சண்டை வேண்டாம். அவருக்கும் ஸ்பேர் வேண்டும், புது மோட்டார் வேண்டும், கடன் தவணை வேண்டும். நீங்கள் டீலர். மெக்கானிக் ரேட்டில் கொடுங்கள், பணத்தை மட்டும் மாதா மாதம் கறாராக வாங்கிக்கொள்ளுங்கள்.