வீட்டுக்கே போய் ஐவி போடும் கான்ட்ராக்ட் நர்ஸ் வேலை: கேள்வி பதில்

நான் டெக்சஸில் இருக்கிறேன். ஆஸ்பத்திரி டியூட்டியை விட்டுவிட்டு, நோயாளிகளின் வீட்டுக்கே போய் ஐவி மருந்து ஏற்றும் வேலையை 1099 கான்ட்ராக்டில், அதாவது ஊழியராக இல்லாமல் சுயதொழிலாக, செய்கிறேன். மருந்தை ஸ்பெஷாலிட்டி பார்மசி அனுப்பும், விசிட்டை ஏஜென்சி கொடுக்கும், நான் போய் ஏற்றிவிட்டு வருவேன். இதைப் பற்றி நம் ஊர் நர்ஸ்கள் கேட்டவையும் என் பதில்களும் கீழே.

இர்விங்கிலிருந்து ஓர் ஐசியூ நர்ஸ்: அக்கா, ஒரு ஏஜென்சி விசிட்டுக்கு 150 டாலர் தருவதாகச் சொல்கிறது. எனக்கு ஆஸ்பத்திரியில் மணிக்கு 44. விட்டுவிட்டு வரலாமா?

அவசரப்படாதீர்கள். வீட்டைப் பூட்டிக் கிளம்புவதிலிருந்து கணக்குப் போடுங்கள். போக 45 நிமிடம், வர 45 நிமிடம், நோயாளி வீட்டில் 2 மணி நேரம். முந்தின நாள் போன், சார்ட்டிங், பார்மசிக்குப் பேப்பர் அனுப்புவது எல்லாம் சேர்ந்து அரை மணி. மொத்தம் 4 மணி நேரம் ஆகிறது, மணிக்கு 37.50 டாலர்தான். அதுவும் வரிக்கு முன்னால். சோஷியல் செக்யூரிட்டிக்கும் மெடிகேருக்கும் ஆஸ்பத்திரி பாதி கட்டுகிறது, நீங்கள் பாதி, அதாவது 7.65 சதவீதம். 1099 என்றால் இரண்டு பாதியும் உங்கள் தலையில், 15.3 சதவீதம். வருமான வரி தனி. லீவுக்குச் சம்பளம் கிடையாது, ஹெல்த் இன்ஷூரன்ஸும் நீங்களே வாங்க வேண்டும்.

அதற்காக இந்த வேலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே ஏரியாவில் காலையில் இரண்டு பேர் கிடைத்தால் கணக்கே மாறிவிடும். ஐவிஐஜி (தானம் தந்த ரத்தத்திலிருந்து எடுக்கும் ஆன்டிபாடி மருந்து) மாதிரி 4, 5 மணி நேரம் ஓடும் மருந்துக்கு மட்டும் விசிட்டுக்கு ஒரே ரேட்டுக்கு ஒப்புக்கொள்ளவே கூடாது. முதல் 2 மணி நேரத்துக்கு இவ்வளவு, அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

ஹூஸ்டன்: என் கணவர் ஹெச்-1பி. நான் ஹெச்-4 (துணைவர் விசா) இஏடியில் (வேலை அனுமதி அட்டை) இருக்கிறேன், டெக்சஸ் ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸ் உண்டு. செய்யலாமா?

இஏடி கையில் இருந்தால் தாராளமாகச் செய்யலாம், சுயதொழிலும் அதில் அடக்கம். ஹெச்-1பியில் இருப்பவர் 1099 வேலை செய்யக் கூடாது, பகுதி நேரமாகக்கூட. இஏடி தேதி முடிந்தால் அன்றோடு விசிட்டை நிறுத்திவிடுங்கள்.

டெக்சார்கானா: எல்லை தாண்டினால் வேறு மாநிலம். தனி லைசென்ஸ் வேண்டுமா?

நீங்கள் இருக்கும் இடம் முக்கியமில்லை, நோயாளி இருக்கும் மாநிலத்தில் உங்கள் லைசென்ஸ் செல்ல வேண்டும். டெக்சஸில் குடியிருந்து மல்டிஸ்டேட் (பல மாநிலங்களில் செல்லும்) லைசென்ஸ் வைத்திருந்தால் ஆர்கன்சா, ஓக்லஹோமா, லூயிசியானா மூன்றிலும் செல்லும். இந்த லைசென்ஸை ஏற்கும் மாநிலங்களின் ஒப்பந்தமான காம்பாக்ட்டில் கலிபோர்னியா இல்லை. உங்களுடையது சிங்கிள் ஸ்டேட்டா, மல்டிஸ்டேட்டா என்பதை, நர்ஸ் லைசென்ஸைச் சரிபார்க்கும் நர்சிஸ் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்டின்: தனியாக ஒரு வீட்டில் இருக்கும்போது ரியாக்‌ஷன் வந்தால்? அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

பயம் இருப்பது நல்லதுதான். பாதி வேலை மருந்தைத் திறப்பதற்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். வீட்டுக்குள் போனதும் சிலர் நேரம் மிச்சம் என்று முதலில் மருந்தைக் கலக்கத் தொடங்குவார்கள். நான் பாட்டிலைத் தொடவே மாட்டேன். காய்ச்சல், பிபி, எடை, இந்த வாரம் ஆன்டிபயாட்டிக் எடுத்தாரா, போன தடவை தலைவலி வந்ததா, எல்லாம் கேட்டு, ஐவி லைன் கிடைத்து, அது ஒழுங்காக ஓடுகிறது என்று தெரிந்த பிறகுதான் மூடியைக் கழற்றுவேன். பல ஆயிரம் டாலர் மருந்து. திறந்துவிட்டால் திருப்பி வைக்க முடியாது. காய்ச்சல் இருந்தால் பார்மசிக்கு போன், அவ்வளவுதான். ஐவிஐஜி பாட்டிலைக் குலுக்காதீர்கள், நுரைத்துவிடும். லாட் நம்பர் ஸ்டிக்கரை உரித்து அப்போதே சார்ட்டில் ஒட்டுங்கள்.

எமர்ஜென்சி கிட்டைத் திறந்து எபிநெஃப்ரின் (கடும் அலர்ஜிக்கான ஊசி மருந்து) காலாவதி தேதியைப் பாருங்கள். அப்புறம் ஒரு சின்ன விஷயம்: வீட்டு முகவரி, அபார்ட்மென்ட் நம்பர், கேட் கோட் மூன்றையும் ஒரு தாளில் எழுதி மேஜையில் வையுங்கள். 911-க்குப் பேசும்போது நாக்கு குழறும், அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

குளிர், தலைவலி என்றால் பெரும்பாலும் மருந்து ஏறும் வேகம்தான் காரணம். நிறுத்தி, டாக்டரின் ஆர்டர்படி குறைத்து ஓட்டலாம். மூச்சு இழுக்கிறது, தொண்டை அடைக்கிறது, பிபி இறங்குகிறது என்றால் யோசிக்க நேரமில்லை. மருந்தை நிறுத்துங்கள், ஆர்டரில் உள்ளபடி எபிநெஃப்ரினைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுங்கள், 911. டியூபில் மிச்சமிருக்கும் மருந்தை ஃப்ளஷ் செய்து உள்ளே தள்ளிவிடாதீர்கள். புது டியூபில் சலைன் போடுங்கள். டாக்டருக்கும் பார்மசிக்கும் போன் எல்லாம் அதற்குப் பிறகு.

சான் அன்டோனியோ: நர்சிங் முடித்து ஆறு மாதம் ஆகிறது. நேராக இதில் இறங்கலாமா?

வேண்டாம் தம்பி. நரம்பு கிடைக்காத கையில் ஐவி போடுவதும், போர்ட்டில் (தோலுக்கடியில் வைத்த மருந்து வழி) ஹ்யூபர் என்ற தனி ஊசி குத்துவதும், பிக் லைன் (கை வழியாகப் போகும் நீளமான ஐவி குழாய்) டிரஸ்ஸிங்கும் பக்கத்தில் சீனியர் இருக்கும்போதே கை பழக வேண்டும். சிஆர்என்ஐ (இன்ஃப்யூஷன், அதாவது ஐவி மருந்து ஏற்றும் நர்ஸ்களுக்கான) சான்றிதழ்த் தேர்வுக்கு உட்கார, கடந்த 2 ஆண்டுகளில் 1,600 மணி நேர இன்ஃப்யூஷன் அனுபவம் கேட்கிறார்கள். அது பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஃபிரிஸ்கோ: கான்ட்ராக்டில் எதைப் பார்க்க வேண்டும்?

போய்க் கதவைத் தட்டினால் நோயாளி இல்லை. அதற்குப் பணம் உண்டா? சார்ட் கொடுத்து எத்தனை நாளில் பணம் வரும்? ஏஜென்சியை விட்டு விலகினால் அதே பார்மசியிடம் எவ்வளவு காலம் வேலை செய்யக் கூடாது? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாத கான்ட்ராக்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. மால்பிராக்டிஸ் இன்ஷூரன்ஸ் உங்கள் பெயரில் இருக்கட்டும். கார் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் தொழிலுக்கு ஓட்டுவதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்தன்று கிளெய்முக்குத் தகராறு வரும்.

நேரத்தையும் அவர்களே முடிவு செய்து, யூனிஃபார்மும் போடச் சொல்லி, வேறு ஏஜென்சிக்குப் போகக் கூடாது என்றும் சொன்னால், அது பெயருக்குத்தான் கான்ட்ராக்ட். நீங்கள் ஊழியரா, கான்ட்ராக்டரா என்று முடிவு செய்யக் கேட்கும் ஐஆர்எஸ்ஸின் (வரித்துறை) எஸ்எஸ்-8 படிவம் அதற்காகவே இருக்கிறது.

பிளேனோ: வரி எப்போது கட்டுவது? மைலேஜ் கழிக்கலாமா?

ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15 என்று நாலு தவணை. ஜனவரித் தவணைக்கு முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். புது வருடத்தில் பல நோயாளிகளுக்கு இன்ஷூரன்ஸ் மாறும், மருந்துக்கு மறுபடி அனுமதி வாங்க வேண்டும், அது வரும்வரை விசிட் தள்ளிப்போகும். கையில் காசு குறையும் நேரம் பார்த்து வரித் தேதி வந்து நிற்கும்.

மைலேஜ் கழிக்கலாம், 2025-க்கு அது மைலுக்கு 70 சென்டாக இருந்தது. பெட்ரோல், ரிப்பேர் எல்லாம் அதிலேயே அடங்கிவிடும், தனியாகக் கழிக்க முடியாது. டோலும் பார்க்கிங்கும் தனி. வீட்டிலிருந்து முதல் நோயாளிவரை ஓட்டுவது சேருமா என்பது, வீட்டில் உங்களுக்கு முறையான ஆபீஸ் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது, சிபிஏவிடம் (வரிக் கணக்காளர்) கேளுங்கள். மைலேஜை அன்றன்றே குறித்துவிடுங்கள்.

மறுபடி ஹூஸ்டன்: வீட்டில் நாய் இருந்தால்?

முந்தின நாள் போனிலேயே கேட்டு, வேறு அறையில் அடைக்கச் சொல்லிவிடுவேன். பூனையையும்தான். மருந்து கலக்கும் மேஜைமேல் அது ஏறினால் கீழே விரித்த ஸ்டெரைல் ஷீட் போச்சு, எல்லாம் முதலிலிருந்து.