வசனம் புரியாத இடத்தில்

அன்புள்ள ஐயா,

வேலைக்காக ஒசாகா வந்து இரண்டு வருடம் ஆகிறது. வயது 26. எங்கள் தெருவில் ஒரு சின்ன நாடகக் குழு இருக்கிறது. ஒத்திகையை வேடிக்கை பார்க்கப் போனவனை லைட் போட உட்கார வைத்துவிட்டார்கள். வசனம் பாதி புரியாது. நடிகர் மூச்சை இழுப்பதைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கிறேன். இப்போது ஒரு விளம்பரத்தில் 'வெளிநாட்டுக்காரர்' ஆக நிற்கவும் கூப்பிடுகிறார்கள், காசு உண்டு. ஜப்பானிய மொழித் தேர்வுக்குப் படிக்காமல் நேரத்தை வீணாக்குகிறாய் என்கிறார் அறை நண்பர். எதை விடுவது?

ஆர்., ஒசாகா

அன்புள்ள ஆர்.,

விளம்பரத்தை முதலில் முடித்துவிடுவோம். உங்களுடையது வேலை விசா என்றால், குடிவரவு அலுவலகத்தில் தனி அனுமதி வாங்காமல் அந்தக் காசைத் தொடாதீர்கள். மற்றபடி அங்கே வேண்டியது உங்கள் முகம்தான். வேறொரு முகம் வந்தாலும் வேலை நடக்கும்.

லைட் விஷயம் அப்படியல்ல. டொனால்ட் ரிச்சி என்று ஒருவர். ஓஹியோவின் லைமா என்ற ஊர்க்காரர். 1947 தொடக்கத்தில், 22 வயதில், இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானை அப்போது நிர்வகித்த அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தில் டைப்பிஸ்ட்டாக டோக்கியோ வந்தார். ஜப்பானியத் தியேட்டர்களுக்குள் அமெரிக்கர்கள் போகக்கூடாது என்று அப்போது தடை. இவர் நழுவி உள்ளே போய்விடுவார். வசனம் விளங்காது, சப்டைட்டில் கிடையாது. அதனால் கதையை விட்டுவிட்டு, ஆள் எங்கே நிற்கிறார், காட்சி எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார். பிறகு படையினருக்கான 'பசிபிக் ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்' பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதினார். 1959இல் ஜோசப் ஆண்டர்சனோடு சேர்ந்து எழுதிய புத்தகம் ஜப்பானிய சினிமாவை ஆங்கில வாசகர்களுக்கு விரிவாகத் திறந்து காட்டியது. டைப்பிஸ்ட்டாக வந்தவர்!

நம் பக்கம் எல்லிஸ் டங்கன் என்ற அமெரிக்க இயக்குநர். கூடப் படித்த மாணிக்லால் டாண்டனோடு 1935இல் இந்தியா வந்தவர், சில மாதத்தில் திரும்புவதாக இருந்து 1950 வரை தங்கிவிட்டார். எம்.ஜி.ஆரின் முதல் படமான 'சதிலீலாவதி'யை (1936) இயக்கியவர் தமிழ் தெரியாத இந்த மனிதர்தான். 'மீரா' எடுக்கும் முன் எம்.எஸ். சுப்புலட்சுமியின் முகத்தைச் சிலையாகச் செய்து, ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியோடு சேர்ந்து விளக்கை இப்படியும் அப்படியும் வைத்துப் படம்பிடித்துப் பார்த்தார்கள். எந்தப் பக்கத்து வெளிச்சத்தில் அந்த முகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத் தமிழ் வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் போரில் ஜெயித்த நாட்டுக்காரர். இன்னொருவர் வெள்ளைக்காரர் ஆண்ட காலத்து வெள்ளைக்காரர். அவர்களுக்குக் கதவு கொஞ்சம் லேசாகத்தான் திறந்தது. நமக்கு அப்படித் திறக்காது. அந்தக் குழு உங்களை உட்கார வைத்தது அதனால்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அறை நண்பரோடு சண்டை வேண்டாம், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ரிச்சியும் அப்புறம் ஜப்பானியம் பேசக் கற்றுக்கொண்டார். நீங்களும் தேர்வை எழுதுங்கள். ஆனால் வசனம் முழுக்கப் புரிய ஆரம்பித்தால் காது முந்திக்கொள்ளும், கண் பின்னால் போய்விடும். அதற்குள், எந்த மூச்சுக்கு எவ்வளவு வெளிச்சத்தை இறக்கினீர்கள், எங்கே பிசகியது என்று தினமும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாடகம் அரங்கேறியதும் அதில் இரண்டு பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். பிசகிய இடங்கள் உள்ள பக்கமாகப் பார்த்து.