செட்டிநாட்டுத் திருவிழாவில் ராத்திரிக் கச்சேரி: கோடையில் நண்பர்களோடு போகிறவர்களுக்கு

கேள்வி: கோவையில் வேலை பார்க்கும் நண்பர்கள் ஆறு பேர் நாங்கள், மூன்று பெண்கள், மூன்று ஆண்கள். வைகாசியில் காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்களில் ஒருவனுடைய ஊர்த் திருவிழா. சாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரம், அது முடிந்ததும் திடலில் மெல்லிசைக் கச்சேரி என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். வெட்டவெளியில் உட்கார்ந்து முழுசாகக் கேட்க ஆசை. தோழி ஒருத்திக்கு ஆஸ்துமா உண்டு. காலையில் காரில் கிளம்பி, பகலில் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்துவிட்டு, கச்சேரி முடிந்த கையோடு திரும்பிவிடலாமா? என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் திட்டத்தை மாற்றுங்கள். நீங்கள் சொல்கிறபடி செய்தால் ஆறு பேரில் இரண்டு பேராவது ஒன்பது மணிக்கே தலைவலியோடு காரில் போய்ப் படுத்துவிடுவார்கள். செட்டிநாட்டுக் கோடையில் ராத்திரியைக் கெடுப்பது ராத்திரி அல்ல, பகல். கானாடுகாத்தான் தெருக்களில் நண்பகலில் அலைந்து, ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் பட்டறையையும் பார்த்து, மதியம் காரசாரமாக ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தால் உடம்பில் நீர் இருக்காது. அதன் விலையைக் கச்சேரியில்தான் கொடுப்பீர்கள்.

ஆகவே முந்தின நாளே போய்ச் சேருங்கள். கோவையிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. வீடுகளைப் பார்ப்பதென்றால் காலை ஆறரையிலிருந்து பத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பதினொன்றிலிருந்து நாலரை வரை வெளியே தலைகாட்ட வேண்டாம். நண்பர் வீடு பழைய வீடாக இருந்தால் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில், பாயை விரித்துப் படுத்துவிடுங்கள். உயரமான கூரையும் முற்றமும் அந்த வெயிலுக்காகவே கட்டப்பட்டவை. மதியச் சாப்பாடு ரசம், மோர், கீரை என்று லேசாகப் போகட்டும். காப்புக் கட்டிய பிறகு கவுச்சி சமைக்காத ஊர்கள் அந்தப் பக்கம் பல உண்டு, அதனால் இது மரியாதைக்கும் பொருந்தும். செட்டிநாட்டு மட்டன் எங்கும் ஓடிவிடாது, ஊரிலிருந்து கிளம்பிய பிறகு சாப்பிட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது நோட்டீஸ். மண்டகப்படிக்காரர் (அன்றைய விழாச் செலவை ஏற்பவர்) பெயர், கிழமை, தமிழ்த் தேதி எல்லாம் அதில் இருக்கும். ஆனால் 'செவ்வாய் இரவு' என்று போட்டிருப்பது நள்ளிரவைத் தாண்டினாலும் ஊர்க்கணக்கில் செவ்வாய்தான். ரயில்காரர்களுக்கு அது புதன். பன்னிரண்டரை மணி ரயிலுக்குச் செவ்வாய் என்று டிக்கெட் எடுத்துவிட்டு, வண்டி முதல் நாளே போய்விட்டது என்று ஸ்டேஷனில் நிற்பது வருஷா வருஷம் நடக்கிறது. உங்களில் யாராவது ரயிலில் திரும்புவதாக இருந்தால் இதைச் சரிபாருங்கள். இன்னொன்று, 'இரவு 8 மணி' என்று போட்ட மெல்லிசைக் கச்சேரி சாமி வீதி சுற்றி வந்த பிறகுதான் சூடு பிடிக்கும். முடிவு நேரத்துக்குச் சட்டம் இருக்கிறது: 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி வெட்டவெளியில் ராத்திரி பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக் காலங்களில் மாநில அரசு நள்ளிரவு பன்னிரண்டு வரை தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்குப் பதினைந்து நாளுக்கு மேல் போகாமல். அந்த அனுமதி எதுவரை என்று விழாக் கமிட்டியிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். விடிய விடிய நடக்கும் என்று எண்ணி நிதானமாகப் போனால் பாதிதான் கிடைக்கும்.

இனி நாதஸ்வரம். உண்மையில் இந்தப் பயணத்தில் நீங்கள் தவறவிடக் கூடாதது இதுதான். திடல் கச்சேரியை எந்த ஊரிலும் கேட்கலாம். வீதியில், மைக் இல்லாமல், பத்தடி தூரத்தில் தவில் பேசுவது புறப்பாட்டில் மட்டும்தான் கிடைக்கும்.

புறப்பாட்டுக்கு அரை மணி முன்னாலேயே கோயில் வாசலில் இருங்கள். சாமி கிளம்பும்போது முதலில் வாசிப்பது மல்லாரி. பெரும்பாலும் கம்பீரநாட்டையில் இருக்கும், பாட்டு வரிகள் கிடையாது, தாளக்கட்டுதான் எல்லாம். தாமதமாக வந்தால் அது போயிற்று. மேளம் சாமிக்கு முன்னால் போகும். நீங்கள் மேளத்துக்கும் சாமிக்கும் நடுவே புகாமல், தவில்காரருக்குப் பக்கவாட்டில் பத்துப் பதினைந்தடி தள்ளி நடங்கள். வலப்பக்கமாக நின்றால் தவிலின் வலது முகமான வலந்தலை தெரியும். விரல்களில் மாட்டிய கூடு தோலில் விழுகிற கணீர் ஓசை அங்கேதான் சுத்தமாகக் கேட்கும். இடப்பக்கம் நின்றால் இடது முகமான தொப்பியில் கழி விழுகிற கனத்த ஓசை மேலோங்கும். ஒரு வீதி அந்தப் பக்கம், ஒரு வீதி இந்தப் பக்கம் என்று மாறி நடந்து பாருங்கள், ஒரே ஆள் வாசிப்பது இரண்டு வாத்தியமாகக் கேட்கும். சாமிக்குப் பின்னால் விளக்குக்காக ஜெனரேட்டர் வண்டி வரும். அதன் பக்கம் போனால் சத்தமும் புகையும்தான் மிச்சம்.

வீதி முக்கில் சாமி நிற்கும். ராக ஆலாபனை நீளமாக நடப்பதும், தவில்காரர்கள் தனி வாசிப்பதும் அந்த நிறுத்தங்களில்தான். ஊர்வலத்தோடு ஒட்டி நடக்காமல் ஐம்பதடி முன்னால் போய் முக்கு வீட்டுத் திண்ணையில் இடம் கேட்டு உட்கார்ந்துகொள்வது கேட்கத் தெரிந்தவர்கள் செய்வது. "ஆச்சி, இங்கன கொஞ்ச நேரம் உக்காந்துக்கிடலாமா?" என்று கேளுங்கள், மாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. நாதஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளி வாயில் இருக்கும்போது வித்துவான் முகத்துக்கு நேரே செல்போன் விளக்கை அடிக்க வேண்டாம். தாளம் புரிந்தால் தொடையில் போடுங்கள், கைதட்டலை உருப்படி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

திடலுக்கு வந்ததும் எல்லோரும் மேடைக்கு முன்னால் ஓடுவார்கள். அங்கே பாட்டுக்காரர் முகம் தெரியும், பாட்டு தெரியாது. மேடையின் இருபுறமும் அடுக்கிய ஸ்பீக்கர் பாக்ஸ்களிலிருந்து அடியோசை நெஞ்சில் மோதும், குரல் அதில் அமுங்கிப்போகும். சவுண்ட் சர்வீஸ்காரர் மிக்ஸர் வைத்திருக்கும் இடத்தைத் தேடுங்கள். பொதுவாகத் திடலின் நடுவில் இருக்கும். அவர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் அளவு கூட்டிக் குறைக்கிறார், ஆகவே அவருக்குப் பின்னால் இரண்டு வரிசை தள்ளி உட்காருவது இருப்பதிலேயே நல்ல இடம். மிக்ஸர் மேடை ஓரத்தில் இருந்தால் இரண்டு பாக்ஸ்களுக்கும் சம தூரத்தில், எழுபது எண்பதடி பின்னால் உட்காருங்கள். வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும்.

அந்த 6 டெசிபல் சின்ன விஷயம் இல்லை. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் காது தாங்கும் என்பது தொழிலிடப் பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம்தான். பாக்ஸுக்குப் பக்கத்தில் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். மருந்துக்கடையில் நுரையாலான காதடைப்பான் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும், ஆறு ஜோடி வாங்கிவிடுங்கள். அதைச் சும்மா காதில் திணித்தால் பயனில்லை. சுத்தமான விரல்களால் மெல்லிய குச்சியாக உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். சரியாக உட்கார்ந்தால் உங்கள் குரலே உங்களுக்குள் கனமாகக் கேட்கும். வீட்டுக்கு வந்த பிறகும் காதில் கொய்ய்ய் என்று இரைந்தால் அன்றைக்கு அளவு மீறிவிட்டது என்று பொருள். ஒன்றிரண்டு நாளில் அடங்காவிட்டால் காது மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. கழிப்பறை எங்கே என்று தெரியாத பயத்தில் மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். திடலில் மயங்கி விழுவதற்கு இது முக்கியமான காரணம். நண்பர் வீடு நடக்கும் தூரத்தில் இருக்கிறதா, இல்லாவிட்டால் எந்த உறவினர் வீட்டுக்குப் போகலாம் என்பதை முதல் நாளே பேசி வைத்துவிடுங்கள். சிறுநீர் வெளிறிய நிறத்தில் போகிற அளவுக்கு நாள் முழுக்கக் குடியுங்கள். மஞ்சள் கனத்தால் போதவில்லை. திடலில் ஆளுக்கு ஒரு லிட்டர் கையில் இருக்கட்டும். நீர்மோர், பானகம் கொடுப்பார்கள், வாங்கிக் குடியுங்கள். ஓ.ஆர்.எஸ். பொடி நான்கு பாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். பாதிப் பொடியைக் கண்ணளவாகக் கொட்டி அரை லிட்டரில் கலக்கினால் உப்பளவு தப்பிவிடும். பெட்டியில் வரும் இனிப்புப் பானம் எதுவும் இதற்கு ஈடாகாது.

யாராவது தலை சுற்றுகிறது, கால் குரக்களி இழுக்கிறது என்றால் கூட்டத்திலிருந்து வெளியே அழைத்துப் போய், காலை உயர்த்திப் படுக்கவைத்து, ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, உடம்பு நெருப்பாய்ச் சுட்டாலோ அது வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திருக்காமல் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தடுமாறுகிறவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

ஆஸ்துமா உள்ள தோழிக்கு இங்கே முக்கிய எதிரி செம்மண் புழுதி. ஆயிரம் கால்கள் மிதிக்கும் பொட்டலில் அது முழங்கால் உயரத்துக்கு எழும்பி நிற்கும், தரையில் உட்கார்ந்தவர் மூக்குக்கு நேரே. அவருக்கு மட்டும் நாற்காலி வேண்டும். தோரணமோ கொடியோ எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து, காற்று வருகிற ஓரத்தில் போடுங்கள். என்95 முகக்கவசம் இருக்கட்டும். வாணவேடிக்கை நேரத்தில் வெடிக்களத்துப் புகையைக் காற்று அடித்துவரும் பக்கத்தில் இருக்க வேண்டாம். உடனடி நிவாரண இன்ஹேலர் அவருடைய பையில், அவர் தோளில் இருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் அழுத்தமேற்றிய அந்தக் குப்பியை வைப்பது ஆபத்து. மருத்துவர் சொன்ன அளவு போட்டும் மூச்சிரைப்பு குறையாவிட்டாலோ, வாக்கியம் முடிக்கத் திணறினாலோ கச்சேரியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கோடை மழை சாயங்காலத்தில் திடீரென்று வரும். இடி கேட்டாலே எழுந்துவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது எண்ணுவதற்குள் இடித்தால் மிக நெருக்கம். மரத்தடி, தகரப் பந்தல், விளக்குக் கம்பம், பாக்ஸ் அடுக்கிய இரும்புச் சட்டம் எதுவும் வேண்டாம். கட்டட வீட்டுக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி கழித்து வெளியே வாருங்கள்.

ஒருவரை ஒருவர் தவறவிடுவது நிச்சயம் நடக்கும். கூட்டத்தில் டவர் திணறும், போன் போகாது, சில சமயம் எஸ்.எம்.எஸ். மட்டும் போகும். 'மேடைக்குப் பக்கத்தில்' என்று சொல்லிக்கொள்ளாதீர்கள், ஊரே அங்கேதான் நிற்கும். தேர்முட்டி (தேர் நிலைகொள்ளும் இடம்), ஊருணிப் படித்துறை என்று நகராத, கூட்டம் நெருக்காத ஓர் இடத்தைப் பகலிலேயே ஆறு பேரும் நேரில் பார்த்து வையுங்கள். பணம் அனுப்பும் செயலியும் அப்போது சுற்றிக்கொண்டே நிற்கும். ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் சில்லறையாக இருக்கட்டும். வெள்ளை உடை செம்மண்ணில் தேறாது. கழற்ற எளிதான செருப்பு, ஒரு பழைய பெட்ஷீட், கைவிளக்கு போதும்.

காரை சாமி வரும் வீதிகளில் நிறுத்தாதீர்கள். புறப்பாடு முடியும்வரை எடுக்க முடியாது, நடுவில் எடுக்கச் சொல்லி மைக்கில் நம்பரைக் கூப்பிடுவார்கள். ஊருக்கு வெளியே, முகம் சாலையைப் பார்க்க நிறுத்துங்கள். கச்சேரி முடிந்த கையோடு கோவைக்குக் கிளம்புவது மட்டும் கூடாது. விடியற்காலை இரண்டு முதல் ஐந்து வரைதான் ஓட்டுநர் கண் அயர்ந்து நடக்கும் விபத்துகள் அதிகம். ஓட்டப் போகிற இரண்டு பேரும் ஆறு மணி நேரமாவது தூங்கட்டும், அவர்கள் கடைசிப் பாட்டை விட்டுவிட்டு முன்னதாகப் படுக்கப் போவதில் தவறில்லை. காலையில் இட்லி சாப்பிட்டு எட்டு மணிக்குக் கிளம்பினால், வெயில் ஏறினாலும் மதியச் சாப்பாட்டுக்குக் கோவை.