டீச்சர் வேலையே வேண்டாமா, இந்த டீச்சர் வேலை வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே மகளுக்கு வயிற்றைப் பிசைகிறது, திங்கட்கிழமை காலையில் குளியலறையில் அழுதுவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள், அம்மா. டீச்சர் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம். தொண்டை எப்போதும் கட்டியே கிடக்கிறது. 'பாதி நாள் வேலை, மீதி நாள் லீவு' என்று அன்றைக்கு அவளை இதில் சேர்த்துவிட்ட அதே பெரிய மாமா, இப்போது 'எம்.பி.ஏ. படிக்க வை, முன்பணம் நான் தருகிறேன்' என்கிறார்.

உங்கள் மகள் சோம்பேறியும் இல்லை, பயந்தாங்கொள்ளியும் இல்லை. ஆறுதல் இவ்வளவுதான். மாமா அன்றைக்குச் சொன்னதும் தப்பு, இன்றைக்குச் சொல்வதும் தப்பு.

முதலில் அந்தப் பாதி நாள் கணக்கு. வாரம் 28 பீரியடு, ஒவ்வொன்றும் 40 நிமிடம் என்றால் 18 மணி 40 நிமிடம். உறவினர் கண்ணுக்குத் தெரிவது இது மட்டும்தான். நாலு பிரிவு, பிரிவுக்கு 40 பிள்ளைகள் என்றால் 160 நோட்டு. நோட்டுக்கு 2 நிமிடம் வைத்தாலும் ஒரு சுற்றுத் திருத்த 5 மணி 20 நிமிடம். தேர்வுத் தாளுக்கு 6 நிமிடம் என்றால் 16 மணி நேரம். பாடக்குறிப்பு, பதிவேடு, ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும் பெற்றோர் கேள்விகள் எல்லாம் இதற்கு மேல். நோட்டுத் திருத்தலாம் என்று வைத்திருந்த ஓய்வுப் பீரியடில், லீவு போட்ட இன்னொருவரின் வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். ஆளை உடைப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி விஷயம்தான். வேலை அதிகமாக இருப்பதைவிட, அதிகமான வேலையில் எந்த முடிவும் தன் கையில் இல்லாமல் இருப்பதுதான் மனிதரைக் கசக்குகிறது என்று வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-இலேயே விளக்கியிருக்கிறார்.

அடுத்து தொண்டை. பெண் குரலில் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 200 தடவை மோதிக்கொள்கின்றன. ஒரு பீரியடில் 10 நிமிடம் மட்டுமே குரல் எழும்பியதாக வைத்தாலும் 1,20,000 மோதல். சளி பிடித்த வாரத்திலும் வகுப்பின் இரைச்சலுக்கு மேல் கத்தினால் நாண் தடிக்கும், முடிச்சுகூட விழலாம். கிசுகிசுத்துப் பேசுவது தொண்டைக்கு ஓய்வு என்று நினைத்துவிட வேண்டாம். பலருக்கு அது இன்னும் இறுக்கம்தான் தரும். இடுப்பில் மாட்டும் சிறிய ஒலிபெருக்கி வாங்கிக் கொடுங்கள். மெல்லிய ஸ்ட்ராவை வாயில் வைத்து 'ஊ' என்று மெதுவாக இழுக்கும் பயிற்சியை ஒரு நாளில் நாலைந்து முறை, முறைக்கு ஒரு நிமிடம் செய்யச் சொல்லுங்கள். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவர். கஷாயத்தோடு நிறுத்தாதீர்கள்.

மனக் களைப்புக்கும் ஒரு சோதனை உண்டு. வேலையால் வரும் பணிச்சோர்வில் (burnout) மூன்று சரடுகள் இருப்பதாக உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-இல் ஓர் அளவுகோலே வகுத்தார்: உணர்வு வற்றிப்போவது, எதிரில் இருப்பவர் மனிதராகத் தெரியாமல் போவது, தான் செய்வதில் பயனில்லை என்று தோன்றுவது. உலக சுகாதார நிறுவனம் இதை நோய் என்று வகைப்படுத்தவில்லை, வேலையோடு ஒட்டிய நிலை என்கிறது. அதனால் விடுமுறையில் கவனியுங்கள். பத்து நாள் லீவில் முகம் தெளிந்தால் சிக்கல் வேலையில். லீவிலும் தூக்கமில்லை, பிடித்த எதுவும் பிடிக்கவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். படிப்பு, வேலை பற்றிய பேச்சையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது எம்.பி.ஏ. உங்கள் கடிதம் முழுக்கத் தேடிவிட்டேன். வியாபாரம், நிர்வாகம், விற்பனை எதிலாவது மகளுக்கு ஆசை என்று ஒரு சொல்லும் இல்லை. ஆசை மாமாவுடையது. கட்டணத்தோடு இரண்டு வருடச் சம்பள இழப்பையும், கடனுக்கான வட்டியையும் கூட்டிப் பாருங்கள். அதைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது: கடனோடு வெளியே வருகிறவள், அடுத்த வேலை இதைவிட மோசமாக இருந்தாலும் விட முடியாது. மூச்சு முட்டுகிறவளுக்கு இன்னொரு கதவையும் அடைக்கிறீர்கள். மாமாவின் முன்பணமும் இனாம் இல்லை, அது உங்களுக்கே தெரியும்.

வங்கித் தேர்வு, ஐ.டி., ஆன்லைன் டியூஷன் எல்லாம் வீட்டில் ஏற்கெனவே பேசி முடித்திருப்பீர்கள். விடுகிறேன். கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயத்துக்கு வருகிறேன்: 'எழுத்துக் கூட்டத் தெரியாத இரண்டு பையன்களை மணி அடித்த பிறகு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறாள், அதைப் பேசும்போது மட்டும் சிரிக்கிறாள்.' அந்தச் சிரிப்புக்கு ஒரு தொழில் இருக்கிறது. கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான சிறப்பு ஆசிரியர்.

இந்த வேலையில் எதிரே 40 பேர் இல்லை. ஒருவர், அல்லது ஒரே நிலையில் இருக்கும் மூன்று பேர். கத்த வேண்டியதில்லை. எதை, எந்த வேகத்தில் என்று முடிவு செய்வது பெரும்பாலும் அவள்தான். 40 நிமிட அமர்வு ஒன்று ஏறக்குறைய இப்படி நடக்கும். தெரிந்த எழுத்து அட்டைகளை வேகமாகப் புரட்ட 5 நிமிடம். புத்தகமே இல்லாமல் காதுக்கு மட்டும் 6 நிமிடம்: 'மரம்' என்பதில் 'ம' எடுத்தால் மிச்சம் என்ன? புதிதாக ஒரே ஒரு விஷயத்துக்கு 10 நிமிடம், விரலால் வரைந்துகொண்டே வாயால் சொல்லி. 1930-களில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் கல்வியாளர் அன்னா கில்லிங்ஹாமும் வகுத்த முறையின் சாரம் இதுதான்: கண், காது, கை மூன்றும் ஒன்றாக. பிறகு கற்ற எழுத்துகள் மட்டுமே வரும் சிறு பத்தி வாசிக்க 10 நிமிடம், ஐந்து சொல் எழுத 5 நிமிடம். மிச்சம் 4 நிமிடத்தில் ஒரு நிமிட வாசிப்பு. சரியாகப் படித்த சொற்களை எண்ணி வரைபடத்தில் ஒரு புள்ளி.

தமிழுக்கென்று தனி நுணுக்கங்களும் உண்டு. 'கொக்கு' என்று எழுதினால் கண்ணுக்கு முதலில் படுவது ஒற்றைக்கொம்பு, காதில் முதலில் விழுவது 'க்'. இந்த முன்பின் குழப்பத்தில் 'கெக்கு' என்று படிக்கும் பிள்ளை கவனக்குறைவான பிள்ளை இல்லை. கடல், பகல், தங்கம் மூன்றிலும் ஒரே 'க', மூன்று ஒலி. இதையெல்லாம் யோசித்து அட்டை செய்கிறவர்கள் குறைவு. உங்கள் மகள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

சுகமான வேலை என்று நான் சொல்லவில்லை. 20 பிள்ளைகள் என்றால் 20 தனித் திட்டம், பருவத்துக்கொரு மறுஆய்வு, காகித வேலை ஏராளம். 'என் பையனுக்கு ஒன்றுமில்லை' என்று சண்டைக்கு வரும் அப்பாக்கள் உண்டு. வரைபடம் முதலில் ஏறும், மதிப்பெண் பிறகுதான் ஏறும். அரையாண்டுத் தேர்வுக்குள் மாற்றம் கேட்பவர்களிடம் இதை முதல் நாளே சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட மோசம், 'உனக்கென்ன, மூன்று பிள்ளைதானே' என்று ஆசிரியர் வராத வகுப்புகளுக்கு அனுப்பிவிடுவது. எத்தனை பிள்ளைகள், மாற்றுப் பீரியடு உண்டா இல்லையா என்பது பணி ஆணையில் எழுத்தாக இருக்க வேண்டும். வாய்வார்த்தையை நம்பிச் சேரக் கூடாது.

இதற்கும் உடனே பணம் கட்டாதீர்கள். மருத்துவர் உடனே நிறுத்தச் சொன்னாலொழிய, கல்வியாண்டு முடியும்வரை இருக்கும் வேலையை விடவும் வேண்டாம். தலைமை ஆசிரியரின் அனுமதி, அந்த இரண்டு பையன்களின் பெற்றோர் சம்மதம் இரண்டையும் வாங்கி, வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி, 12 வாரம் நடத்தட்டும். இதற்கு ஈடாக வேறு ஏதாவது ஒரு பொறுப்பிலிருந்து விலக்குக் கேட்கட்டும், இல்லையென்றால் பாரத்தின் மேல் பாரம். 36 அமர்வுக்கும் ஒரு நோட்டு: தேதி, சொல்லிக்கொடுத்தது, நிமிடத்துக்கு எத்தனை சொல், அன்று சாயங்காலம் அவளுடைய தெம்பு பத்துக்கு எவ்வளவு.

நோட்டின் கடைசிக் கணக்கு, அந்தத் தெம்பு, ஏறியிருந்தால் சிறப்பு ஆசிரியர் படிப்பைத் தேடலாம். பதிவு செய்து தொழில் நடத்த அந்தச் சான்றிதழ் செல்லுமா, மேற்பார்வையோடு நேரடிப் பயிற்சி எத்தனை மணி, பிள்ளையைச் சோதித்து அறியக் கற்றுத்தருகிறார்களா என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மொத்தக் கட்டணம் அவளுடைய ஆறு மாதச் சம்பளத்தைத் தாண்டினால் வேறு இடம் பாருங்கள். ஏறவே இல்லை என்றால் 12 வாரத்தில் ஒரு காசு செலவில்லாமல் அது தெரிந்துவிடும், நோட்டோடு வாருங்கள், வேறு யோசிப்போம். இந்த வெள்ளிக்கிழமை கடைசித் தேதி என்று எழுதியிருந்தீர்களே, அந்த எம்.பி.ஏ. முன்பணம், அதை மட்டும் கட்டிவிடாதீர்கள்.