இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு லைக்கும் மெசேஜும் வருகின்றன, ஆர்டர் வரவில்லை. பட்ஜெட்டைக் கூட்டலாமா?

கேள்வியின் சுருக்கம்: கேட்டவர் குரோம்பேட்டையில் வீட்டிலிருந்தபடி காட்டன் புடவை விற்கிறார். தினமும் 300 ரூபாய்க்கு இன்ஸ்டாகிராமில் பூஸ்ட் போடுகிறார், அதாவது காசு கட்டித் தன் பதிவை நிறைய பேருக்குக் காட்டுகிறார். லைக் நிறைய, 'ப்ரைஸ்?' என்று கேட்டு மெசேஜும் நிறைய. ஆர்டர் மட்டும் வாரத்துக்கு ஒன்றிரண்டுதான்.

இப்போதைக்குக் கூட்டாதீர்கள். ஆளை உங்கள் வாட்ஸ்அப் வரை கொண்டுவந்து விடுவதோடு விளம்பரத்தின் வேலை முடிந்துவிடுகிறது. உங்களுக்கு ஆள் வருகிறார்கள், வந்த பிறகு கைநழுவிப் போகிறார்கள். அந்த இடத்தைச் சரிசெய்யாமல் பட்ஜெட்டைக் கூட்டினால், கைநழுவப்போகிறவர்களுக்கும் சேர்த்துக் காசு கட்டுவதாகத்தான் ஆகும்.

முதலில் ஒரு புடவைக்கான கணக்கைத் தாளில் எழுதுங்கள். விற்கும் விலை 1200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் 650, கவர், அட்டை, டேப் எல்லாம் சேர்த்து பேக்கிங் 30, கூரியர் 70. மிச்சம் 450. வாட்ஸ்அப்பில் வந்து பேசும் பத்துப் பேரில் ஒருவர் வாங்குகிறார் என்றால், ஓர் ஆளை வரவழைக்க நீங்கள் கொடுக்கக்கூடிய உச்சம் 45 ரூபாய். அந்த இடத்தில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் விளம்பரச் செலவின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு இருக்கிறது. அதனால் மெட்டாவின் விளம்பரங்களை நிர்வகிக்கும் ஆட்ஸ் மேனேஜர் திரையில் ஓர் உரையாடலுக்கு 38 ரூபாய் என்று காட்டும்போதே உங்கள் கையிலிருந்து 45 போயிருக்கும். தினம் 300 என்று நீங்கள் நினைப்பது உண்மையில் 354. வாரத்துக்கு 2478.

அதே 38 ரூபாய் வீதம் வாரத்துக்கு 55 பேர் வந்தால், பத்துக்கு ஒருவர் கணக்கில் ஐந்தாறு ஆர்டர். போட்ட காசு திரும்பும், அவ்வளவுதான். பத்துக்கு இரண்டு பேர் வாங்கினால் 11 ஆர்டர், 4950 ரூபாய். விளம்பரச் செலவு போக 2470 ரூபாய் போலக் கையில் நிற்கும். விளம்பரத்தில் ஒரு பட்டனைக்கூட மாற்றாமல், பதில் சொல்லும் விதத்தை மட்டும் மாற்றினால் வரும் வித்தியாசம் இது. அதனால்தான் வாட்ஸ்அப்பிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

விலைக்கு மெசேஜ் போடச் சொல்லும் 'டிஎம் ஃபார் ப்ரைஸ்' என்பதை இன்றே எடுத்துவிடுங்கள். விலை தெரியாமல் உள்ளே வருபவர்களில் பெரும்பாலோர் விலையைக் கேட்டதும் போய்விடுவார்கள், அவர்களுக்கும் சேர்த்து நீங்கள்தான் காசு கட்டியிருப்பீர்கள். வீடியோவிலேயே '1200 ரூபாய், தமிழ்நாடு முழுக்க கூரியர் சேர்த்து' என்று சொன்னால் மெசேஜ் எண்ணிக்கை குறையும், வாங்குகிறவர் விகிதம் ஏறும். மெசேஜ் குறைவதைப் பார்த்துப் பயந்து விலையை மறுபடி மறைக்காதீர்கள். மின்வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும் எல்லாக் கட்டணமும் சேர்ந்த முழு விலையை வெளிப்படையாகக் காட்டத்தான் சொல்கின்றன.

அடுத்தது பதிலின் வேகம். ரீல்ஸ் பார்த்து மெசேஜ் போட்டவர் அதே பத்து நிமிஷத்தில் இன்னும் இரண்டு கடைகளுக்கும் மெசேஜ் போட்டிருப்பார். இரவு பத்து மணிக்கு வந்த கேள்விக்குக் காலையில் பதில் சொன்னால், எந்தப் புடவையைக் கேட்டோம் என்பதே அவருக்கு மறந்திருக்கும். உங்களால் பதில் சொல்ல முடிந்த நேரத்தில் மட்டும் விளம்பரம் ஓடட்டும். ஆட்ஸ் மேனேஜரில் தினசரி பட்ஜெட்டுக்குப் பதிலாக லைஃப்டைம் பட்ஜெட் (விளம்பரம் ஓடும் மொத்தக் காலத்துக்குமான தொகை) தேர்ந்தெடுத்தால் நேர அட்டவணை போடும் வசதி திறக்கும். காலை 11 முதல் 2, மாலை 6 முதல் 10 என்று வைத்துக்கொள்ளலாம்.

வேகமாகச் சொன்னால் மட்டும் போதாது. '1200' என்று ஒற்றை எண்ணை அனுப்பினால் உரையாடல் அங்கேயே செத்துவிடும். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் குவிக் ரிப்ளை என்று ஒன்று உண்டு, சாய்கோடு போட்டால் சேமித்து வைத்த பதில் வந்து நிற்கும். அதில் இப்படி ஒன்று தயாராக இருக்கட்டும்: 'வணக்கம் மேடம். நீங்கள் கேட்ட புடவை இது, பகல் வெளிச்சத்தில் எடுத்த போட்டோ. விலை 1200, கூரியர் சேர்த்து. நீளம் 5.5 மீட்டர், பிளவுஸ் பிட் 80 செ.மீ. கூடவே இருக்கு. நீங்க சென்னையா, வெளியூரா? பின்கோடு சொன்னால் என்றைக்கு வந்து சேரும்னு பார்த்துச் சொல்றேன்.' கடைசிக் கேள்விதான் இதில் முக்கியம். பதில் சொல்ல யோசிக்கவே வேண்டாத கேள்வி அது, பின்கோடு அனுப்பியவர் பாதி ஆர்டர் போட்டவர். பதில் வராவிட்டால் மறுநாள் ஒரு முறை, கட்டிப் பார்த்த சின்ன வீடியோவோடு கேளுங்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை. அதற்கு மேல் வேண்டாம். தொல்லை என்று நான்கு பேர் ரிப்போர்ட் செய்தால் உங்கள் எண்ணுக்கே ஆபத்து.

விலை சம்மதம், நிறம் சம்மதம், ஆனாலும் 'யோசிச்சுச் சொல்றேன்' என்று போகிறவர்களின் மனதில் பெரும்பாலும் இருப்பது பயம்தான். பணத்தைப் போட்டுவிட்டு ஏமாந்த கதை எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அதனால்தான் 'கடை எங்கே இருக்கு?' என்று கேட்கிறார்கள். வீட்டிலிருந்து விற்றாலும், வாடிக்கையாளரை நேரில் சந்தித்தும் விற்பவராக இருந்தால் கூகுள் மேப்ஸில் வியாபாரத்தைப் பதிந்து வைக்கலாம். முகவரியைக் காட்டாமல் சேவைப் பகுதியை மட்டும் காட்டும் வசதி அதில் உண்டு. வாங்கியவர்களிடம் அங்கே ரிவ்யூ கேளுங்கள். வீடியோ காலில் புடவையைக் காட்டத் தயாராக இருங்கள், போன் வந்தால் எடுங்கள். தினமும் கூரியருக்குப் போகும் பார்சல்களை ஸ்டோரியில் போடுவது நல்ல பழக்கம், ஆனால் வாடிக்கையாளரின் முகவரியும் எண்ணும் தெரியாதபடி மறைத்துவிடுங்கள்.

பணம் கட்டும் இடத்திலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. கடைப் பெயர் ஒன்று, ஜிபேயில் வரும் பெயர் கணவருடையது என்றால் வாங்குபவர் அங்கே தயங்கி நிற்பார். வியாபாரப் பெயரில் யுபிஐ கியூஆர் வாங்கிவிடுவது நல்லது. அதுவரை 'இந்தப் பெயரில்தான் வரும் மேடம்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டை நம்பிப் பார்சலை அனுப்பாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுப்புங்கள்.

கேஷ் ஆன் டெலிவரி கொடுத்தால் ஆர்டர் கூடும். கணக்கும் மாறும். பத்துப் பார்சலில் மூன்று திரும்பி வந்தால், ஒவ்வொன்றுக்கும் போன கூரியர் 70, திரும்பி வரும் செலவு 60, வீணான பேக்கிங் 30, ஆக 160. மூன்றுக்கும் 480. மீதி ஏழில் கிடைப்பது 3150. கழித்தால் 2670, அதாவது ஓர் ஆர்டருக்கு 450 என்று நினைத்த இடத்தில் 267. இதில் கூரியர்காரர் பணம் வசூலிக்க எடுக்கும் கட்டணம் சேரவில்லை. பத்துக்கு ஒருவர் கணக்கில், ஓர் உரையாடலுக்கு வரியோடு 27 ரூபாய்க்கு மேல் போனாலே நஷ்டம். முழுக்க மறுப்பதைவிட, 150 ரூபாய் மட்டும் முன்பணம் வாங்கி மீதியை வீட்டில் வசூலிப்பது என் அனுபவத்தில் நல்ல வழி. வாங்கும் எண்ணம் இல்லாதவர் 150 கூடக் கட்டமாட்டார். பார்சல் கிளம்பும் முன் ஒரு போன் போட்டு முகவரிக்கு அடையாளம் கேளுங்கள். நம் ஊரில் ஒரே பெயரில் பத்துத் தெருக்கள் உண்டு, 'வீடு கிடைக்கவில்லை' என்று திரும்பும் பார்சல்கள் நிறைய. சென்னைக்குள் என்றால் போர்ட்டர், ரேபிடோ பார்சலில் அன்றைக்கே அனுப்பலாம், வாங்கியவருக்கு மனம் மாற நேரமே இருக்காது.

இதெல்லாம் சரியானபின் விளம்பரத்துக்கு வாருங்கள். மெட்டாவிடம் எதைக் கேட்கிறீர்களோ அதைச் செய்யும் பழக்கமுள்ளவர்களைத்தான் அது தேடித் தரும். லைக், ப்ரொஃபைல் விசிட் என்று பூஸ்ட் போட்டால் லைக் போடுபவர்கள் வருவார்கள், அவர்கள் வாங்குபவர்களாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆட்ஸ் மேனேஜரில் சேல்ஸ் அல்லது எங்கேஜ்மென்ட் நோக்கம் எடுத்து, ஆள் வந்து சேரும் இடமாக வாட்ஸ்அப்பைத் தேர்ந்தெடுங்கள். ஒரு ஆட் செட் (ஒரே பட்ஜெட்டில், ஒரே வகை ஆட்களுக்கு ஓடும் விளம்பரத் தொகுப்பு) வாரத்துக்குச் சுமார் 50 முடிவுகளை, இங்கே 50 உரையாடல்களை, தொட்டால்தான் யாருக்குக் காட்டுவது என்று மெட்டா பழகிக்கொள்ளும் கற்றல் கட்டம் முடிந்து செலவு நிலைக்கும். தினம் 300 ரூபாயில் வாரத்துக்கு 55 உரையாடல் என்று பார்த்தோம், ஒரே ஆட் செட்டாக வைத்தால் அந்த 50-ஐத் தாண்டிவிடலாம். தாம்பரத்துக்கு ஒன்று, அண்ணா நகருக்கு ஒன்று, கோவைக்கு ஒன்று என்று பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 18 வரும், எதுவும் தேறாது. அந்த ஒரே ஆட் செட்டுக்குள் மூன்று வேறு வீடியோக்களைப் போடுங்கள். முதல் நான்கைந்து நாள் எதையும் தொடாதீர்கள். பெரிய மாற்றம் செய்தால் கற்றல் முதலிலிருந்து தொடங்கும். பெண்கள், 28 முதல் 50, புடவையில் ஆர்வம் என்றெல்லாம் மணிக்கணக்காக உட்கார்ந்து தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஆட்களை மெட்டாவே தேடும் அட்வான்டேஜ் பிளஸ் ஆடியன்ஸில் இவை வெறும் பரிந்துரைகளாகத்தான் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. வீடியோவில் நீங்கள் பேசும் தமிழும் சொல்லும் விலையுமே சரியான ஆளை வடிகட்டும்.

வீடியோவைப் பற்றிக் கொஞ்சம். புடவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எவ்வளவு மெல்லியது என்று காட்டுங்கள், மடிப்பு எப்படி விழுகிறது என்று காட்டுங்கள், துவைத்தால் சாயம் போகுமா என்பதைச் சொல்லுங்கள். கடையில் கையால் தொட்டுப் பார்ப்பவர் கேட்கும் கேள்விகள் இவைதான். சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்காக எழுத்தும் வேண்டும், ஆனால் திரையின் அடிப்பகுதியையும் வலது ஓரத்தையும் விட்டுவிடுங்கள், ரீல்ஸின் பட்டன்கள் அங்கே மறைக்கும். சினிமாப் பாட்டு சேர்த்த ரீல்ஸை விளம்பரமாக்க முடியாது. எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ஒற்றைப் பீஸ் புடவைக்கு விளம்பரம் போடுவது. இரண்டாம் நாள் அது விற்றுவிடும், அதன்பின் வரும் அத்தனை பேரும் அதையே கேட்பார்கள், 'அது இல்லை, வேற காட்டவா?' என்றால் பாதிப் பேர் போய்விடுவார்கள். ஒரே டிசைனில் 15, 20 பீஸ் இருப்பதற்கு மட்டும் விளம்பரம் போடுங்கள். மற்றவர்கள் என்ன ஓட்டுகிறார்கள் என்று மெட்டா ஆட் லைப்ரரியில் இலவசமாகப் பார்க்கலாம், எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பதும் அதில் இருக்கும். இரண்டு மூன்று மாதமாக ஒருவர் ஒரே விளம்பரத்தை நிறுத்தாமல் ஓட்டினால் அது அவருக்குக் காசு தருகிறது என்று ஊகிக்கலாம்.

வந்த ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் லேபிள் போடுங்கள். நியூ கஸ்டமர், பெண்டிங் பேமெண்ட், பெய்ட் என்று ஆப்பிலேயே தயாராக இருக்கின்றன. விளம்பரத்திலிருந்து வந்த சாட்டின் தலையில் அந்த விளம்பரத்தின் படம் தெரியும், எது விற்றது என்று அதிலிருந்தே குறித்துக்கொள்ளலாம். டெலிவரி ஆன ஓர் ஆர்டருக்கு வரியோடு எவ்வளவு விளம்பரச் செலவு ஆயிற்று என்ற ஒரே எண்ணை வாராவாரம் பாருங்கள். உங்கள் கணக்கில் அது இரண்டு வாரம் தொடர்ந்து 300-க்குக் கீழே நின்றால் தினசரி பட்ஜெட் 300-ஐ 360 ஆக்கலாம். ஒரேயடியாக 1000 ஆக்கினால் செலவு எகிறும், பதில் சொல்லவும் ஆள் இருக்காது.

தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களில் பெரிய கடைகளும் விளம்பர ஏலத்தில் இறங்குவதால் செலவு ஏறும். அதோடு வடகிழக்குப் பருவமழை வந்து கூரியரும் தாமதமாகும். ஆடி, ஆவணியிலேயே விளம்பரத்தை ஓட்டி, வந்தவர்களிடம் உங்கள் எண்ணைச் சேமிக்கச் சொல்லிவையுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரே நேரத்தில் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் செய்தி, எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். தீபாவளி நேரத்தில் விளம்பரச் செலவே இல்லாமல் விற்க அதுதான் வழி.

கேக், டிபன், ஏசி சர்வீஸ் போன்ற தொழில் செய்பவர்கள் இதைப் படித்தால், ஊரை முழுக்கத் தேர்ந்தெடுக்காமல் வரைபடத்தில் பின் போட்டு நான்கைந்து கிலோமீட்டர் சுற்றளவு மட்டும் வையுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் வட்டத்தில் பாதி கடலுக்குள் போகும், அங்கே பின்னை மேற்கே தள்ளி வைக்க வேண்டும். உணவு விற்பவர்கள் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) எண்ணை ப்ரொஃபைலிலேயே போடுவது நம்பிக்கை தரும்.

விளம்பரத்தை வேறு யாரிடமாவது கொடுப்பதாக இருந்தால், ஆட் அக்கவுண்ட் உங்கள் பெயரில் இருக்கட்டும், அவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். அவர் அக்கவுண்டில் ஓடினால், பிரியும் நாளில் சேர்ந்த தகவல் அத்தனையும் அவரோடு போய்விடும். 'உங்கள் பேஜ் முடக்கப்படும்' என்று மெட்டா பெயரில் வரும் மெசேஜின் லிங்க்கைத் தொடாதீர்கள், இரண்டு கட்டச் சரிபார்ப்பை இன்றே போடுங்கள்.

ஜிஎஸ்டி எண் இல்லாமல் விற்கிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்க, விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும், பொதுவாகப் பதிவு தேவை. சில கைவினைப் பொருள்களுக்கு விலக்கு உண்டு, உங்கள் புடவை அதில் வருமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். புதுச்சேரியும் இந்தக் கணக்கில் வெளி மாநிலம்தான். பதிவு எடுக்கும்வரை விளம்பரத்தின் இடத் தேர்வில் தமிழ்நாட்டை மட்டும் வைத்து, பெங்களூரையும் புதுச்சேரியையும் விலக்கு பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.